மூன்று சொல்

அரிசி ஆலையில் இருபத்தாறு வருஷம்
கல் பிரிக்கும் எந்திரத்தின் பக்கத்தில் நின்றவன்.
நெல் ஒரு வழியாய்ப் போகும், கல் ஒரு வழியாய்ப் போகும்.
காது எந்த வழியாய்ப் போனதென்று
யாரும் பார்க்கவில்லை, நானும்தான்.

தைரியமேரி காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டு
பட்டியலை வாசித்தாள்.
கடையில் இருப்பது பர்மியப் பட்டியல்;
இதை எனக்கென்று ராத்திரி உட்கார்ந்து எழுதினாளாம்.
பல். முள். வாளி. நெல்.
கதவு சாத்திய அறை, விசிறிகூட ஓடவில்லை.
இருபத்தைந்தில் இருபத்துநாலு.
நெல்லைத்தான் கல் என்றுவிட்டேன்.

பிறகு ஒரு பொத்தானை அழுத்தினாள்.
அறைக்குள் சந்தை வந்து இறங்கியது.
கருவி இல்லாமல் எட்டு.
கருவியோடு பதினொன்று.
"மூணு கூடியிருக்கு, அங்கிள்."
பொய் சொல்லத் தெரியாத பெண்.
பஸ்ஸில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்:
மூத்தவன் மலேசியாவிலிருந்து அனுப்பிய
ஐந்து மாதப் பணம்,
மூன்று சொல்.

சாயங்காலம் ரங்கூனில் வழக்கமான டீக்கடை.
கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடுகிறது.
கடைப் பையனை உதட்டால் முத்தமிட்டுக் கூப்பிடுகிற ஊர் இது;
அத்தனை முத்தமும் என் காதில்தான் விழுந்தது.
கரண்டி கிளாசில் இடிப்பது,
முக்காலி இழுபடுவது,
எங்கோ ஒருவர் சூடான டீயை உறிஞ்சுவது,
எல்லாம் பெரிசு, எல்லாம் கிட்ட.
நாலடி தூரத்தில் அடைக்கலம் பேசுவது மட்டும்
அடி மூட்டையில் கிடந்தது.
இந்த எந்திரத்துக்குச் சலிக்கத் தெரியவில்லை.
கொட்டத்தான் தெரிகிறது.

அடைக்கலம் கதை சொல்கிறான்.
ரெண்டு வருஷமாய்
மற்றவர் சிரிக்கையில் சிரித்து வந்தவன் நான்,
அரை நொடி பிந்தி.
இன்றைக்கு எனக்கும் கிடைத்தது:
மாமியார். குடை. போலீஸ்.
மூன்றையும் கோத்துப் பார்த்தேன், பிரமாதம்.
எல்லாருக்கும் முந்திச் சிரித்தேன்.

மேசையே திரும்பிப் பார்த்தது.
கதை இன்னும் அங்கே வரவில்லையாம்.

அடைக்கலம் எழுந்தான்.
என்னைச் சுவரோரம் நகர்த்தி உட்காரவைத்தான்.
தன் முக்காலியை எனக்கு நேர் எதிரே,
டியூப்லைட் வெளிச்சத்தில் போட்டான்.
குதப்பிக்கொண்டிருந்த வெற்றிலையை
வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து
முதலிலிருந்து ஆரம்பித்தான்.
மற்றவர்கள் முனகினார்கள்; அதுவும் கேட்டது.

சிவந்த வாய், படிக்கச் சுலபம்.
முழுக் கதையும் கேட்டேன்,
ரெண்டு வருஷத்தில் முதல் முழுக் கதை.

அப்படியொன்றும் நல்ல கதையில்லை.