நான்கு கேரட் வில்லைகள்

ஜெசிந்தா மறுபடி அழைத்தாள்.
"இலை ஒண்ணுகூட உதிரலை சார்.
உயிர் இருக்கும்ல?"

பெரம்பூரில் அவள் வீட்டுப் பின்புறம்
தென்னை நிழலில் மூன்று கோகோ மரங்கள்.
நடுவில் நின்றது பதினைந்தே நாளில் காய்ந்துவிட்டது.
இலைகள் பழுப்பேறிச் சுருண்டு
காம்பை விடாமல்,
இஸ்திரி போடாத காக்கிச் சட்டைகளாகத்
தொங்கிக்கொண்டிருந்தன.
அடிமரத்தில் ஊசித் துளைகள், கீழே வெள்ளைத் தூள்.
"மைதா சிந்திருச்சுன்னு பெருக்கிட்டேன்" என்றாள்.

உதிராமல் இருப்பதுதான்
இந்த வாடல் நோயின் கையெழுத்து.
போனில் எப்படிச் சொல்வது.
"ரிசல்ட் வரட்டும்மா."

தரமணி, இரண்டாவது மாடி.
மூன்று மணிக்குத் தவறாமல் கரண்ட் போகும் ஆய்வகம்.
மரத்துண்டைச் சீவினேன்.
ஊதா கலந்த கறுப்பு ஒன்று
நடுவிலிருந்து பட்டைவரை விரல் நீட்டியிருந்தது.
கிண்டி ஸ்டேஷன் வாசலில் வாங்கிய கேரட்டை
வில்லையாக நறுக்கி
இரண்டுக்கு நடுவே அந்தச் சீவலை வைத்து
ஈரத்தாளோடு மூடினேன்.
இந்தப் பூசணத்துக்குக் கேரட் பிடிக்கும்.
ஏன் என்று எனக்குத் தெரியாது.

ஆறாம் நாள் மூடியைத் திறந்ததும்
வாழைப்பழ வாசனை.
பெருக்க வந்த தவமணி எட்டிப் பார்த்து
"யாரு சார் தனியா பழம் சாப்பிட்டது?"

லென்ஸுக்கு அடியில் கறுப்பு உருண்டைகள்.
ஒவ்வொன்றுக்கும் மயிரிழையாய் நீண்ட கழுத்து.
கழுத்து நுனியில்
பாலாடை நிறத்தில் ஒரு சொட்டு.
அழகுதான்.
சொல்லக் கூசுகிறது.

"கிளை கழிச்சது யாரும்மா?"
தேங்காய் பறிக்க வருகிற சடையாண்டி.
முந்தின நாள் செங்குன்றத்தில்
பட்டுப்போன மரம் ஒன்றைத் தறித்துவிட்டு வந்தவன்.
கத்தியைத் துடைத்தானாம்,
லுங்கியில்.
நல்ல மனிதன். காசுகூட வாங்கவில்லை.
பக்கத்து மரத்தையும்
அதே கையோடு ஒழுங்குபண்ணிவிட்டுப் போயிருக்கிறான்.

வேரோடு எடுங்கள், எரித்துவிடுங்கள்,
கத்தியை ஸ்பிரிட்டில் முக்கச் சொல்லுங்கள்.
எல்லாம் சொன்னேன்.
எதிர்முனையில் குக்கர் இரண்டு விசில் அடித்தது.
"கிறிஸ்துமஸுக்கு முப்பது டப்பா
சாக்லேட் ஆர்டர் எடுத்திருக்கேன் சார்."
மூன்றாவது விசில்.
"அந்தப் பக்கத்து மரத்துல பதினோரு காய் இருக்கு.
இலையெல்லாம் பச்சையாத்தான் இருக்கு."

"நாளைக்கு அதுலயும்
ஒரு சின்னத் துண்டு எடுத்துட்டு வாங்க" என்றேன்.
போனை வைத்துவிட்டு
ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன்.
பாதிக் கேரட் இருந்தது.
நான்கு வில்லை தேறும்.