பட்டது

வெள்ளி, ஐந்தாம் பாடவேளை. ஒன்பதாம் வகுப்பு.
ஷெப்பர்ட்டனில் வெயில் நாற்பதைத் தொடுகிறது;
ஏசி இருமிக்கொண்டே ஓடுகிறது.
வரலாறும் இலக்கணமும் ஒரே மணி நேரத்தில்,
ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று
ஆசிரியர் அறையில் பீற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

தேவையானவை:
ஆற்றங்கரைப் பூங்காவில் நானே படமெடுத்த
பித்தளைப் பலகை, இருபத்தாறு நகல்.
பென்சில் போதும்.

பலகை சொல்கிறது:
நிலம் திறக்கப்பட்டது.
மரங்கள் அகற்றப்பட்டன.
வேலிகள் இடப்பட்டன.
நகரம் நிறுவப்பட்டது.

யார் செய்தார்கள்? எழுவாயைக் கண்டுபிடியுங்கள், என்றேன்.

"திறக்கப்பட்டதா? அதுக்கு முன்னாடி
பூட்டியா மிஸ் இருந்துச்சு?" என்றான் ஆர்பென்.
அவன் வீட்டுக்குப் பீச் தோட்டம் இருக்கிறது,
பூட்டும் இருக்கிறது.
மர்ஸியா நான்கு வரிக்கும் முன்னால்
'யாரோ, யாரோ, யாரோ, யாரோ' என்று எழுதினாள்.
கடைசி பெஞ்சு மிட்செல் மட்டும் நெளிந்தான்.
போன வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தான்,
'ஜன்னல் உடைக்கப்பட்டது மிஸ்' என்று,
பந்தைக் கையில் வைத்துக்கொண்டே.

வாய் ஆங்கிலத்தில் நடத்துகிறது.
அடியில் தமிழ் தன்பாட்டுக்கு ஓடுகிறது:
செயப்பாட்டு வினைக்கு நாம் வைத்திருக்கும் துணை, 'படு'.
படு என்றால் அனுபவி, துன்பப்படு.
வெட்டப்பட்டது, விரட்டப்பட்டது.
பட்டது யார் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் சொல்.
பட்ட மரம் என்கிறோம், பட்டால்தான் தெரியும் என்கிறோம்.
பட்டா என்கிறோம் நிலத்துக்கு;
வேர் ஒன்றா என்று தெரியாது,
காதுக்கு ஒன்றுதான்.

லெட்டீஷா அதுவரை எதுவும் எழுதவில்லை.
யோர்ட்டா யோர்ட்டாப் பெண்.
பூங்காவை அவள் வேறு பெயரால் சொல்வாள்,
எனக்கு இன்னும் அது நாக்கில் சரியாக வரவில்லை.

"மிஸ், நீங்க எப்ப வந்தீங்க இந்த ஊருக்கு?"

இரண்டாயிரத்து ஒன்பதில் வந்தோம், என்றேன்.
நிலம் வாங்கினோம். வீடு கட்டினோம்.
சொல்லும்போதே கொஞ்சம் பெருமை:
மூன்று வாக்கியம், மூன்றும் செய்வினை,
எழுவாய் பளிச்சென்று, நாங்கள்.

"யாரிடமிருந்து வாங்கினீங்க?"

குரலில் கோபமில்லை. இலக்கணச் சந்தேகம் போலத்தான் கேட்டாள்.

ஏஜெண்டிடமிருந்து, என்றேன்.
அவர்?
மனைபிரித்த கம்பெனியிடமிருந்து.
அவங்க?
ஒரு பழத்தோட்டக்காரரிடமிருந்து என்று நினைக்கிறேன்.
ஆர்பென் நிமிர்ந்து பார்த்தான்.
அவர்?

ஐந்தாம் வேற்றுமை.
உருபு இன், இல்; பொருள் நீங்கல்.
பத்தாம் வகுப்பில் ஒப்பித்து
முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.
நீங்கியது யார் என்று
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏசி இருமியது.
இருபத்தாறு பென்சில்கள் சும்மா இருந்தன.

மாலை, பாடத்திட்டப் படிவம்.
கடைசிக் கட்டம்: வகுப்பில் நடந்தது என்ன?
முதலில் எழுதினேன்:
நில உரிமை பற்றி ஒரு கேள்வி எழுப்பப்பட்டது.
நேரமின்மையால் விடையளிக்கப்படவில்லை.

நேரம் பதினோரு நிமிடம் மிச்சமிருந்தது.

அழிப்பானைத் தேடி எடுத்தேன்.
காகிதம் கிழியாமல் தேய்க்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

லெட்டீஷா கேட்டாள்.
நான் பதில் சொல்லவில்லை.