பங்கு பிரியாத வண்டி

விவாகரத்தில் பங்கு பிரிக்க முடியாமல் போனது
இந்த வெள்ளை ட்சுரு டாக்சி ஒன்றுதான்.
பகல் ஒப்துலியாவுக்கு, இரவு எனக்கு.
எர்மோசியோவின் ஜூன் மாதத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும்
மோசமான பாதி யாருக்குப் போனதென்று.

நாற்பத்தாறு டிகிரி.
தென்றல் என்று பேர் வைத்துக் கொஞ்சும்படி
எந்தக் காற்றும் இங்கே நடந்துகொள்வதில்லை.
யெக்கோரா மலைக்குச் சவாரி என்றால்
மூன்றாவது வளைவில் சூட்டுமுள் எழுந்து நிற்கும்.
அப்போது ஒரே வழி, ஹீட்டரை முழுசாய்த் திறப்பது.
எஞ்சினின் காய்ச்சலை
சவாரிக்கு வந்தவர்கள் தலையில் கட்டுவது.
ஒருமுறை பின்சீட்டில் ஒரு கன்னியாஸ்திரி
ஜபமாலையைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டே வந்தார்,
மணிகள் சுட்டதால்.

நான்தான் முதலில் கிரைண்டரை எடுத்தேன்.
சூடு மேலே போகும், பின்னால் போகும்,
இதற்கு என்ன படிப்பு வேண்டும்?
முன்கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால்
பானெட்டில் ஒரு நீளச் சதுரம்.
பொறி பறந்து என் சட்டையில் ஏழு ஓட்டை.
கம்பி வலை பொருத்தி, கறுப்படித்து,
தூர நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் மாலை
சாவியை என் கையில் வைக்காமல்
பானெட் மேல் வைத்தாள்.
"தொண்ணூறில் போனால் முன்பைவிடக் கொதிக்கிறது,
எவெரார்தோ.
நீ கதவு வைத்த இடத்தில்
காற்று உள்ளேதான் வருகிறது."

நான் ஒத்துக்கொள்ளவில்லை.
அதனால் ஞாயிற்றுக்கிழமை
விமான நிலையச் சாலையில், விடியுமுன்,
ஓட்டுநர் இருக்கையில் அவள்,
பக்கத்தில் நான், மடியில் ஒரு பலகை.
பலகையில் வளைத்து ஒட்டிய கண்ணாடிக் குழாய்.
அதற்குள் புளிச்சைப் பூவின் சிவப்புச் சாறு,
சந்தையில் வாங்கியது, சர்க்கரை போடாதது.
குழாயின் ஒரு முனை என் பக்கம்,
மறுமுனை பானெட்டின் மேல், டேப்பால் ஒட்டி,
ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு இடம்.

கண்ணாடியருகே வைத்தபோது
சாறு என்னை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தது,
இரண்டு விரற்கடை.
காற்று கண்ணாடியில் முட்டித் தேங்கும் இடம் அது.
நெரிசலில் நிற்கிறவனிடம் போய்
வெளியே வழிவிடு என்று கேட்டிருக்கிறேன்.

முன்னால், ரேடியேட்டரைத் தாண்டியதும்
பானெட் மெல்ல வளையும் இடத்தில்
சாறு எதிர்ப்பக்கம் ஏறியது,
யாரோ மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சுவதுபோல.
அவள் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.
"எவ்வளவு?" என்றாள்.
"மூன்றரை" என்றேன்.
அரையைக் குறைத்துச் சொல்லலாமா என்று
ஒரு கணம் யோசித்தது உண்மை.

செமோவின் பட்டறையில்
ஆறு வரிசை வெட்டினோம்.
துளை அல்ல, செதில்:
ஒவ்வொன்றும் முதுகை உயர்த்தி
பின்பக்கம் பார்த்து வாய் திறந்தது.
என் பழைய சதுரத்தை
மிளகாய் ஊறுகாய் டின்னின் தகரத்தால் மூடி
ரிவெட் அடித்தாள்.
எழுத்துகளைச் சுரண்ட மறுத்துவிட்டாள்.
'அதிகக் காரம்' என்று இன்றும் படிக்கலாம்.

ஜூலையில் மழை வந்தது.
செதில்வழி சொட்டி டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து
முழங்கால் தண்ணீரில் வண்டி நின்றது, என் முறையில்.
யாரும் இதைப்பற்றிச் சொல்லவில்லை,
சாறும் சொல்லவில்லை.
கேக் தட்டு ஒன்றை வளைத்து
அடியில் தாழ்வாரம் கட்டினேன்.
அது மட்டும் முழுக்க என் வேலை.

இப்போது யெக்கோரா ஏற்றத்தில்
முள் பாதியில் படுத்திருக்கிறது.
மாலை ஆறுக்கு வண்டியை வாங்கும்போது
அவள் பெட்ரோல் கணக்குச் சொல்லுவாள்,
நான் டயர் பற்றிக் கேட்பேன்.
அவள் பஸ் ஏறிப் போனபின்
செதில்களுக்கு மேல் கையை நீட்டுவேன்.
வந்துகொண்டே இருக்கும்
அவள் ஓட்டிய பகலின் சூடு,
ஒரு கால்மணி நேரத்துக்கு.

அதுவரை சாவியைத் திருப்புவதில்லை.