பற்றுச்சீட்டு இலக்கம் நாற்பத்தேழு

ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்த வெயிலில்
திருக்கோவில் வீதியில் நான்
ஒரு பால்மா ரின்னோடு நின்றேன்.
மூடியில் துளை போட்டவர் சுபைதீன்,
அக்கரைப்பற்றில் ஐஸ் வாடி வைத்திருக்கிறவர்.
ஐஸ் உடைக்கிற ஊசியாலேயே குத்தினார்.
வட்டமாய் வரவில்லை.
விரல் கவனம், விரல் கவனம் என்று
காசு போட வந்தவர்களிடம் சொல்லியே
பாதி நேரம் போயிற்று.

ஆமை தம்பட்டையில் கிடக்கிறது. அழுங்காமை.
தங்கூசி வலை இறுகி
முன்துடுப்பு ஒன்று எலும்புவரை அறுந்தது.
சுனாமிக்கு வந்த நீலத் தண்ணித் தாங்கி,
தந்தவர்களின் பேர் வெயிலில் அழிந்து
‘அன்பளிப்பு’ மட்டும் மிச்சமான தாங்கி.
அதற்குள் சுற்றிச் சுற்றி
ஒரு பக்கமாகவே நீந்துகிறது.

செலவுத் துண்டு என் கையில்:
ஊசி மருந்து. தையல் நூல்.
கடல்தண்ணி இறைக்கிற மோட்டருக்கு டீசல்.
பொத்துவிலில் இருந்து மிருக வைத்தியர் வந்துபோக
மோட்டச் சைக்கிளுக்குப் பெற்றோல்.
அவர் கூலி கேட்கவில்லை.
கேட்காததையும் எழுதினேன், சைபர் போட்டு.

“மனிசருக்கே ஆசுபத்திரியில மருந்தில்ல கா,
ஆமைக்கு ஊசியா?”
கச்சான் விற்கிறவள் கேட்டாள்.
ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?
போன மாதம் மகனுக்கு இழுப்பு வந்தபோது
பம்பை நானும் வெளியில்தான் வாங்கினேன்.
அவள் ஒரு சுண்டு கச்சானை
ரின்னுக்குள் கொட்டப் பார்த்தாள், பகிடிக்கு.
மறுகா இருபது ரூபா போட்டாள்.

குலமணியர் என்னைக் கண்டு
வீதியின் மற்றக் கரையால் போனார்.
வலை அவருடையது என்று ஊருக்குத் தெரியும்.
விடியமுன் தாங்கியடியில்
ஷொப்பிங் பையில் கணவாய் வைத்துவிட்டுப் போவது
யாரென்றும் தெரியும்.
கணவாய்க்கு நான் பற்றுச்சீட்டு எழுதுவதில்லை.

வேட்டி சொட்டச் சொட்ட ஒருவர்
ஐந்நூறைத் திணித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்:
“ஒரு காலத்தில திண்டிருக்கன் புள்ள.
ருசிதான்.”
பேர் வேண்டாமாம்.

பிறகு அவள் வந்தாள்.
அன்றைக்கு வீதியெல்லாம் ஈரத் தலைகள்.
அவளுடைய தலை காய்ந்திருந்தது.
“கடல்ல இறங்கல்லையா அக்கா?”
கேட்டிருக்கக் கூடாது நான்.
“இறங்கினா எள்ளும் தண்ணியும் விடச் சொல்லுவாங்க.
நான் விடமாட்டன்.”
கொஞ்சம் நின்றாள்.
“ஆமை உசிரோடதானே கிடக்கு?”
“ஓம்.”
“அப்ப எழுது. அருள்நேசன், தம்பிலுவில்.”
எழுதினேன்.
“எதுக்கெண்டு போட இடமிருக்கா?”
இருந்தது, ஒரு புள்ளிக்கோடு.
“திவசத்துக்கு இல்ல.
வைத்தியத்துக்கெண்டு போடு.”

ரூபா நூறு. இலக்கம் நாற்பத்தேழு.
அழுத்தி எழுதினேன்,
கார்பன் தாள் தாண்டி அடிப்பிரதியிலும்
அவன் பேர் விழவேண்டும் என்று.
சீட்டை அவள் மடிக்கவில்லை.
இரண்டு கையாலும் விளிம்பில் பிடித்தபடி
பஸ் வரும்வரை நின்றாள்.

இரவு தாங்கியடியில், டோர்ச் வெளிச்சத்தில்,
நானும் சுபைதீனும் காசைக் கொட்டினோம்.
ஒரு சட்டைப் பொத்தான்.
ஓர் இந்திய நாணயம்.
உப்பில் ஒட்டிப்போன தாள்களை
அவர் ஊதி ஊதிப் பிரித்தார்.
எட்டாயிரம்வரை வந்திருப்பேன்.
தண்ணி விலகி
கிளிமூக்கு மேலே வந்து
முழு மனிசர்போல் ஒரு மூச்சு விட்டது.
எண்ணிக்கை தவறிற்று.

முதலில் இருந்து தொடங்கினேன்.
ஆறாயிரத்தில் மறுபடியும் அந்த மூச்சு.
“நீங்க எண்ணுங்க” என்று
தாள்களை அவர் பக்கம் தள்ளினேன்.
அவரும் எண்ணவில்லை.
டீசலுக்குக் காணாது என்று
எங்கள் இருவருக்கும் எண்ணாமலே தெரியும்.
டோர்ச்சை அணைத்துவிட்டு
அடுத்த மூச்சு எப்போதென்று
பார்த்துக்கொண்டிருந்தோம்.