நாற்பத்தேழாவது இரவு, காலாங்

மேடையைப் பதிவு செய்ய அவர்களிடமே ஆள் இருந்தது.
எனக்குக் கொடுத்தது கூட்டத்தை.
கூரைச் சாரத்திலிருந்து தொங்கும் இரண்டு மைக்,
பின்வரிசைக்கு மேலே இன்னும் இரண்டு.
ஐம்பத்து மூன்றிலிருந்து ஐம்பத்தாறு வரை என் தடங்கள்.
ஒரு நாள் சம்பளம், இரண்டு சாப்பாட்டுச் சீட்டு,
முதுகில் 'உள்ளூர்' என்று அச்சடித்த கறுப்புச் சட்டை.

மதியம் ஒத்திகை.
டிரம்ஸ்காரர் இடுப்பெலும்பு மாற்றிக்கொண்டவர்,
சரக்கு லிஃப்டில் மேடைக்கு வந்தார்.
பேஸ் வாசித்தவர் போய் நான்கு வருடமாம்.
அந்தக் கிதார் இப்போது மகன் தோளில்;
மகனுக்கே முன்நெற்றி ஏறிவிட்டது.
பாடுகிறவர் ஹால்டன், எழுபத்து மூன்று,
மைக்கைத் தட்டி 'ஹலோ ஜகார்த்தா' என்றார்.
யாரும் திருத்தவில்லை.
காலடியில் ஒட்டிய தாளில்
எங்கள் ஊர் கொட்டை எழுத்தில் இருந்தது.
அவர் கண்ணாடி போடவில்லை.

மாலை ஆறிலிருந்து வரத் தொடங்கினார்கள்.
வயிற்றில் இழுபடும் பழைய டீசட்டைகள்,
முதுகில் எண்பத்தொன்பதின் ஊர்ப்பட்டியல்,
அதில் நாங்கள் இல்லை.
ஈசூன் டாக்சிக்காரர் ஒருவர்
வண்டியை இன்னொருவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.
வாசலில் தண்ணீர்ப் போத்தலைப் பிடுங்கிக்கொண்டபோது
சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

பதினொன்றாவது பாட்டில் ஓர் உச்சம் உண்டு.
எல்லா ஊரிலும் அந்த இடத்தில்
மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவார்.
ரசிகர்மேல் உள்ள பிரியம் என்று நானும் நினைத்திருந்தேன்.
'அந்தச் சுரம் அவரை விட்டுப் போய் ஆறு வருஷம்'
என்றாள் மார்கிட்,
அவர்களுடைய பதிவுப் பொறியாளர்,
முந்திரியைக் கொறித்தபடி.

நீட்டினார்.
என் நான்கு ஊசிகளும் சிவப்பில் போய் முட்டின.
எட்டாயிரம் பேர்.
தனித்தனியாகக் கேட்டால் முக்கால்வாசி அபசுரம்,
பாதிப் பேருக்கு வார்த்தையே தெரியாது;
மொத்தமாக
அட்சர சுத்தமாய் விழுந்தது அந்தச் சுரம்.
ஹால்டன் கண்ணை மூடிக்கொண்டார்.
தன் வீட்டில் வேறு யாரோ குடியிருப்பதை
எதிர்ச்சாரியில் நின்று பார்ப்பவர் போல.

இரவு ஒன்று.
கடைசி ரயில் போயே போய்விட்டது.
மார்கிட் கேட்டாள்:
ஹால் காலியாக ஒரு நிமிடம் வேண்டும், ஒட்டுப் போட.

நாற்காலி அடுக்குகிறவர்கள், கேபிள் சுருட்டுகிறவர்கள்,
குப்பை வாரும் அம்மாக்கள், முப்பது பேர் இருக்கும்.
கையைத் தூக்கி நிறுத்தினேன்.
இருளப்பன் ஃபோர்க்லிஃப்டை அணைத்தான்.
ஓர் அம்மாவின் கையில் நசுங்கிய கோப்பை
பைக்கும் தரைக்கும் நடுவில் நின்றது.
குளிர்சாதனத்தின் முனகல்.
அதற்கும் மேலே, வெகு மேலே,
கூரையில் மழை.
எப்போது தொடங்கியதோ.
அறுபது விநாடி யாரும் இருமவில்லை.

எட்டு மாதம் கழித்து வந்தது, மூன்று தட்டுகள்.
உறையில் ஊர்ப்பெயர்கள் பொடி எழுத்தில்,
எங்களுடையது கடைசிக்கு முந்தியது.
பதினொன்றாவது பாட்டின் கூட்டம் நாங்கள் இல்லை.
அங்கே கைதட்டல் ஒரே வெட்டாய் விழுகிறது;
நாங்கள் அப்படித் தட்டுகிற ஆட்கள் அல்ல.
டாக்சிக்காரர் இதை வாங்கியிருப்பார்,
தன் குரலைத் தேடியிருப்பார், கிடைத்தும் இருக்கும்;
தேடுகிறவர்க்குக் கிடைத்துவிடும்.

இரண்டாம் தட்டின் நடுவில்
ஓசாகாவின் ஆரவாரம் அடங்கி
பெர்த்தின் கிதார் தொடங்குமுன்
நான்கு விநாடி.
முனகல். மழை.
ஸ்டேடியம் நிலையம் தாண்டும்போது
ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக் கேட்டேன்.

அதை மட்டும் வெட்டி இருளப்பனுக்கு அனுப்பினேன்.
துவாஸிலிருந்து பதில் வந்தது:
'ஒண்ணுமே கேக்கலையேண்ணே.'

ஆமாம், அதுதான் என்று எழுதினேன்.