அரைப் பேர்

கண்ணாடித் துண்டில் மிளகளவு மலம்,
மேலே ஒரு சொட்டு உப்புநீர்.
நுணுக்குக்காட்டிக்குள் மெல்லிய ஓடு,
உள்ளே நாலாய்ப் பிளந்த கரு.
எங்கள் படிவத்தில் அதற்கு ஒரே கட்டம்:
கொக்கிப்புழு. ஆம், இல்லை.
பதினோரு வருடமாய் ஆம் போட்டுவருகிறேன்,
மஸ்கெலியாவில் மழை பெய்ததா என்று
யாரோ கேட்டதுபோல.

தெய்வானையின் மாதிரியை மட்டும்
பேராதனைக்கு அனுப்பினேன்.
மாத்திரை விழுங்கியும்
மூன்றாம் தடவை திரும்பி வந்தவள்.
இரத்தம் ஏழு புள்ளி இரண்டு.
ஏற்றத்தில் கூடையோடு உட்கார்ந்துவிடுகிறாளாம்.
முட்டையைப் பார்த்து இனம் சொல்ல முடியாது.
பதில் வர ஐந்து மாதம்.

அன்கைலொஸ்டோமா செய்லானிக்கம்.
வாய்விட்டுப் படித்தேன்.
சிலோன் என்ற பேரை நாடே கழற்றி வைத்தாயிற்று.
தேயிலைப் பெட்டியும் இந்தப் புழுவும்தான்
இன்னும் விடவில்லை.

கூட்டத்தில் அறிக்கையை வைத்தேன்.
நாய்ப்புழுவா, என்றார் பணிப்பாளர்,
அப்படியென்றால் மிருக வைத்தியத் திணைக்களம்.
மிருக வைத்தியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்:
நோயாளி மனுஷிதானே?
லயத்து நாய்களுக்கு விசர்நாய் ஊசி போடத்தான்
அவரிடம் காசு இருக்கிறது.
பூச்சி மாத்திரைச் சுற்றறிக்கையோ
பள்ளிப் பிள்ளைகளுக்கு.
தெய்வானைக்கு நாற்பத்திரண்டு வயது.
இந்தியாவிலிருந்து வந்தது என்றல்லவா
முன்பு சொன்னார்கள், என்றார் தோட்டத்து அதிகாரி.
எதை என்று அவர் சொல்லவில்லை.
தேநீர் வந்தது. நல்ல சாயம்.

அவளுடைய பிறப்புச் சான்றிதழை
வார்டில் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.
இனம்: இந்தியத் தமிழர்.
ஐந்து தலைமுறை இந்த மலையில்.
குடலைக் கவ்விக்கொண்டிருப்பதற்கு மட்டும்
ஊர்ப் பேர் கிடைத்திருக்கிறது,
லத்தீனில், சாய்வெழுத்தில்.

திரும்புகிற வழியில் பஸ் நின்றது.
நிறுவைக் கொட்டகையில் தராசைச் சுற்றி
ஈரச் சாக்குப் போர்த்திய பெண்கள்.
அவள் கொழுந்து பதினொரு கிலோ.
பதினெட்டுக்கு ஏழு குறைவு.
பேர் என்றால் இங்கே ஒரு நாள் கூலி.
கணக்கப்பிள்ளை தலை நிமிராமல்
அரைப் பேர் என்று எழுதினார்.
அவளுடைய காலடியில்
ஒரு செவலை நாய்
நனைந்த மண்ணைப் பிறாண்டிப் படுத்தது.
அவள் செருப்புப் போட்டிருக்கவில்லை.

மறுநாள் வழக்கம்போல ஆம் போட்டேன்.
படிவத்தின் ஓரத்தில் ஒரு விரல் இடம் இருந்தது.
அதில் பென்சிலால்
அந்த இரண்டு சொல்லையும் எழுதினேன்.
கணினியில் ஏற்றுகிற றிஸ்கான்
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
மிஸ்,
இதை எந்தக் கட்டத்தில் போட?