காலி எடை

காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஹக்கீமின் ஜெராக்ஸ் கடையில்
பக்கத்துக்கு முப்பது ரூபாய், பிழை திருத்தம் இலவசம்.
"அக்கா, பதினாலுலேர்ந்து பதினேழு வரைக்கும் என்ன போட?"
விசைப்பலகைக்கு மேலே அவன் விரல்கள்
மழைக்கு ஒதுங்கியவை போல நின்றன.

கோட்டையூரில் கம்ப்யூட்டர் டீச்சர், ஒன்றரை வருடம்.
பெருங்குடியில் கால் சென்டர். அங்கே நான் டயானா,
சம்பளச் சீட்டில் மட்டும் தெய்வானை.
திருப்பூரில் பொத்தான் எண்ணும் வேலை,
அதற்கு ஒரு முழ நீளத்தில் பதவிப் பெயர்.
பிறகு கல்யாணம். பிறகு அது இல்லை.
பிறகு அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
பிறகு அப்பா இல்லை.
இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாக எட்டு மாதம்:
விற்ற பாலிசி நான்கு, அதில் ஒன்று எனக்கே.

"குடும்பச் சூழ்நிலைன்னு போடவா?"
வேண்டாம்.
அதைப் படித்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முகம்
துக்கம் கேட்க வந்தவர் முகமாகிவிடும்.
பார்த்திருக்கிறேன்.

நீதான் ஆஸ்பத்திரியெல்லாம் பழகினவளாச்சே
என்றாள் மதினி.
நர்சிங் உதவியாளர் படிப்பு, ஆறு மாதம், பீஸ் தவணையில்.
பழகினேன்தான்.
அப்பாவின் ரத்தம் குழாய் வழியே வெளியே போய்
ஊர் சுற்றிவிட்டுத் திரும்புவதை
நானூறு தடவைக்கு மேல் பார்த்தவள்.
எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.
தெரிந்ததாலேயே வேண்டாம்.
இதைச் சொல்ல எனக்கு ஐந்து வருடம் ஆயிற்று;
மதினிக்குப் புரிய இன்னும் ஐந்து ஆகட்டும்.

கானாடுகாத்தானில் அரண்மனை வீட்டு ஓட்டல்.
வரவேற்பு வேலை, கண்டாங்கிச் சேலை அவர்களே தருவார்கள்.
ரங்கூனில் மூன்று வருடக் கணக்கு முடித்துத்
திரும்பியவர்கள் கட்டிய வீடு என்று
வருகிறவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டும்.
ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவே
ஊரில் என்ன செய்தார்கள் என்று கேட்டேன்.
மேலாளர் தாளைப் புரட்டினார்.
"அது ஓய்வும்மா."
சரி. அவர்களுக்கு ஓய்வு,
எனக்கு இடைவெளி.

நேற்று தேவகோட்டை ரஸ்தாவில் எடைமேடை.
இரவு ஷிப்ட், பதினோராயிரம்.
பார்க்கத்தான் போனேன்.
காரை பெயர்ந்த அறை, சிவப்பு எண்கள்,
என்னைத் தவிர எல்லாப் பக்கமும் திரும்புகிற ஒரு மின்விசிறி.
முதலாளி என் தாளைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் எழுத்தில்லை,
டீக்குப் போய்விட்டார்.
ஜல்லி ஏற்றப் போகிற லாரி ஒன்று
வெறுமனே மேடையேறி நின்றது.
ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது.
க்ளீனர் பையன் இறங்கி வந்து சீட்டு கேட்டான்.
ஒன்றுமே ஏற்றலையே, எதுக்குச் சீட்டு?
என்னை மேலும் கீழும் பார்த்தான்.
"காலி எடை போடாம
லோடு எடை எப்படிக்கா தெரியும்?"

அவன் எனக்காக எதுவும் சொல்லவில்லை.
அவன் கவலை ஜல்லி, அவசரம் மூத்திரம்.
நான்தான் அந்தப் பெஞ்சில்
தேவைக்கு அதிகமாக உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, கரண்ட் போயிரும். என்ன போட?"
வேலையில் இல்லை என்று போடு.
"அவ்வளவுதானா?"
அவ்வளவுதான்.
அடித்தான். மூன்று பிரதி.
சூடாக இருந்தது தாள்.

இதுதான் என் பாதை என்று
யாரிடமும் சொல்லப் போவதில்லை.
திங்கள் இரவு பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்,
ஒன்பதே காலுக்கு டவுன் பஸ் ஒன்று இருக்கிறது,
திரும்பி வர விடியும்வரை எதுவும் இல்லை.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
சில நாள் நாற்பது நிமிடம்கூடக் கிடைக்குமாம்.
அழகப்பாவின் தொலைதூரக் கல்விப் படிவம்
பையில் இருக்கிறது.
பெயர் எழுதிவிட்டேன், பிறந்த தேதி எழுதிவிட்டேன்.
எந்தப் பாடம் என்கிற கட்டத்தை
அங்கே போய் நிரப்பிக்கொள்கிறேன்,
முதல் சீட்டு அடித்த பிறகு.